கசப்புக்கு ஒரு கவர்

மருந்தைக் கவருக்குள் போட்டு ஒட்டி உடம்புக்குள் தபாலில் அனுப்பலாம் என்று உலகத்திலேயே முதன்முதலில் கண்டுபிடித்தவர் திருத்தணி ஜவ்வரிசி கம்பவுண்டர்தான். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவர்கள் முதலில் ஒரு அவுன்ஸ் கொயினா மிக்சரை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வரட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி. பாலிமர் என்கிற பொருளால் மெல்லிய தோல் செய்து, அதற்குள் மருந்தைத் திரவமாகவே அடைத்து, கண்ணுக்குத் தெரியாத நானோ உருண்டைகளாக ஆக்குகிறார்களாம். அவை ரத்தத்தோடு போய், நோய் இருக்கிற இடத்தில் மட்டும் உடைந்து மருந்தை விடுமாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதே விஷயத்தை எழுபதுகளின் தொடக்கத்தில், வாய் நிறைய வெற்றிலையோடு, என் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் சொன்னார். அன்றைக்கு இந்தப் பேப்பர்காரர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை.

நான் அப்போது திருத்தணி போஸ்டாபீசில் குமாஸ்தா. மலைக்குப் போகிற தெருவில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், இன்னொன்றில் கம்பவுண்டர். கீழ்த்தெருவில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் உத்தியோகம். அவருடைய மனைவி பொதட்டூர்பேட்டையில் தன் தம்பி முனிரத்தினத்தின் வீட்டில் இருந்தார். 'அந்தக் கிண்ணங்களையெல்லாம் தூக்கிப் போட்டாத்தான் நான் திருத்தணிக்கு வருவேன்' என்று சொல்லிவிட்டாராம். கிண்ணங்கள் மொத்தம் இருபத்து மூன்று. எல்லாவற்றிலும் ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கே தெரியாது. அவர் வந்திருக்கிற கல்யாணத்தில் ஜவ்வரிசிப் பாயசத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். சமையல்காரர் அப்படியே அண்டாவோடு வீட்டுக்கு எடுத்துப் போவார்.

உருண்டைகள் வந்த கதையை அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். முனிரத்தினத்தின் பக்கத்து வீட்டில் துணிக்குப் பூப்போடும் அச்சுப்பட்டறை. சாயம் பரவாமல் ஒரே இடத்தில் நிற்பதற்காக அதில் கடற்பாசி மாவைக் கூழாகக் கரைத்துக் கலப்பார்கள். ஒருநாள் கம்பவுண்டர் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார். விரல் நுனியில் மிஞ்சின சுண்ணாம்பை எங்கேயாவது துடைக்க வேண்டுமே. சுவரில் தடவினால் பட்டறைக்காரர் திட்டுவார் என்று கையை உதறியிருக்கிறார். தண்ணீராக இருந்த சுண்ணாம்பு ஒரு சொட்டு கூழுக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மேலே தோல், உள்ளே தண்ணீர். அமுக்கினால் பிதுங்கியது, விட்டால் மறுபடி உருண்டை.

"அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி சார்" என்பார். "சுண்ணாம்புத் தண்ணியோட மருந்தைக் கலந்து விட்டா மருந்துக்குத் தோல் கட்டிக்கும். இப்ப டாக்டர் குடுக்கறதெல்லாம் இன்னாது? கார்டு. வழியில இருக்கறவன் எல்லாம் படிப்பான். நாக்கு படிக்குது, தொண்டை படிக்குது, வயிறு படிச்சிட்டு வேணான்னு திருப்பி அனுப்புது. நான் பண்றது கவரு. அட்ரஸ்காரன் வூட்டுலதான் பிரிக்கணும்."

"உருண்டையில் அட்ரஸ் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டேன்.

"மொதல்ல கவரு செய்யலாம் சார். அட்ரஸ் அப்பால."

சின்னதாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய மதம். முதலில் இலந்தைப் பழம் அளவில் செய்தார். அப்புறம் கொண்டைக்கடலை. அப்புறம் ஜவ்வரிசி. அடுத்தது கடுகு, அதற்கடுத்தது தூசி, அதற்கடுத்தது ஒன்றுமே தெரியாது. "பெருசா செஞ்சா தோல் தாங்காது. சின்னதாவ சின்னதாவத்தான் கெட்டி" என்று என்னிடம் தினமும் சொல்வார். நான் கேட்காவிட்டாலும் சொல்வார். நான் தூங்கிவிட்டால் எழுப்பிச் சொல்வார்.

உருண்டையின் பலத்தை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. அதற்காக முருகன் முந்நூற்று அறுபத்தைந்து படிகளைக் கட்டி வைத்திருக்கிறான் என்று அவர் நம்பினார். நிலவேம்புக் கஷாயம் அடைத்த ஒரு உருண்டையை நாக்கின் மேல் வைத்துக்கொண்டு மலையேறுவார். உடைகிற படி எத்தனையாவதோ அதுதான் அந்த உருண்டையின் மார்க். 'நாப்பதாம் படி சரக்கு', 'நூத்தி இருபதாம் படி சரக்கு' என்று புட்டியில் ஒட்டி வைப்பார். பக்தர்கள் காவடி எடுத்துக்கொண்டு அரோகரா போட்டு ஏறும்போது நடுவில் ஒரு மனிதர் மட்டும் திடீரென்று நின்று, முகத்தைக் கோணிக்கொண்டு, "எழுபத்தி எட்டு" என்று கத்துவார். வெளியூர்க்காரர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து அவர் காலில் விழுந்திருக்கிறார்கள். ஒரு அம்மா தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாராம். இவர் கசப்புத் தாங்காமல் மூன்று விரலைக் காட்டித் தண்ணீர் கேட்க, அந்த அம்மா மூன்று மாதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். எந்த உருண்டை உடைந்தாலும் தப்பு அவர் உருண்டை மேல் இருந்ததே கிடையாது. வெயில் என்பார். படி கோணல் என்பார். நான் வைத்துப் பார்த்து உடைந்தால் என் பல் கூர்மை என்பார். டாக்டர் ஒருமுறை வாயில் போட்டு, போட்ட மாத்திரத்தில் உடைந்தபோது, "டாக்டர் நாக்கு கொஞ்சம் சூடு ஜாஸ்தி" என்று பதில் சொல்லிவிட்டு, அன்று முழுக்க டாக்டருடைய டெம்பரேச்சரை எடுக்கத் தெர்மாமீட்டரும் கையுமாகச் சுற்றினார்.

இந்த மனிதருக்கு என்னை மாதிரி ஒருவன் பக்கத்து அறையில் வாய்த்தது அவர் செய்த புண்ணியம். ஏனென்றால் எனக்கு மருந்து இறங்காது. மாத்திரை தொண்டையில் நின்றுவிடும். மிக்சர் உள்ளே போன வேகத்தில் வெளியே வரும். மருந்துப் புட்டியைக் குலுக்குகிற சத்தம் கேட்டாலே குமட்டும். முப்பது வயது ஆண்பிள்ளை, அரசாங்க உத்தியோகம், இதை வெளியில் சொல்லவும் முடியாது.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கமலா, பள்ளிப்பட்டுக்காரி. அவளுக்கு அப்பா இல்லை, எல்லாம் பெரியப்பாதான். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எனக்கு மலேரியா முறைக்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பத்து மணிக்கு, பஸ் கூட அப்படி நேரத்துக்கு வராது, சரியாக வந்து ஒரு மணி நேரம் தூக்கிப் போடும். டாக்டர் கொயினா மிக்சர் எழுதிக் கொடுத்தார். நாலு நாள் குடித்தேன். நாலு நாளும் ஒரு சொட்டுகூட உள்ளே தங்கவில்லை.

சேதி எப்படியோ பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டது. பெரியப்பா நேராகப் போஸ்டாபீசுக்கே வந்தார். ஸ்டாம்பு வாங்குகிற வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கம்பிக்குள்ளே குனிந்து பேசினார்.

"மாப்பிள்ளைக்கு இன்னாமோ தீராத சீக்குன்னு சொல்லிகினு இருக்காங்க. நான் நம்பல. ஆனா மணவறையில உக்காந்துகினு ஒடம்பு உதறிச்சின்னு வைங்க, பொண்ண அப்பிடியே எழுப்பி பள்ளிப்பட்டு பஸ்ல ஏத்திடுவேன். அப்பா இல்லாத பொண்ணு. நாளைக்கி என்னைத்தான் ஊரு கேக்கும்."

"ஒன்றும் இல்லைங்க, சாதாரண ஜலதோஷம்" என்றேன்.

"ஆங். இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு கார்டு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கம்பவுண்டர் காலண்டரைக் கழற்றி என் வயிற்றின் மேல் விரித்து வைத்து, காய்ச்சல் வரும் நாட்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். கல்யாணத் தேதியின் மேல் ஒரு வட்டம் விழுந்தது. முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. காய்ச்சல் பத்து.

நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். எனக்குக் கமலாவைப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போனபோது அவள் காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "சூடா இருக்குது, பாத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை நான் இரண்டு மாதமாக மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எழுந்து சட்டைய மாட்டுங்க சார்" என்றார் கம்பவுண்டர். "பொதட்டூர்பேட்டை கடைசி பஸ்ஸு போறதுக்குள்ள போவணும்."

எதற்குப் பொதட்டூர்பேட்டை என்றால், ஒரு வேளை மருந்துக்கே நூற்றுக்கணக்கில் சின்ன உருண்டை வேண்டும், கையால் ஊசியிலிருந்து சொட்டவிட்டால் பாதித் துளி கனத்து, பெரிதாகித்தான் விழும். கனப்பதற்கு முன்னாலேயே யாராவது அதைத் தட்டிவிட வேண்டும். சீராக, விடாமல், ஒரே வேகத்தில் தட்டிவிட வேண்டும். முனிரத்தினத்தின் வீட்டில் நாலு பவர்லூம் ராப்பகலாகத் தடதடத்துக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் தறிச் சட்டத்தில் ஒரு மூங்கிலைக் கட்டி, அதில் ஊசியைத் தொங்கவிட்டு, கீழே கூழ்க் கிண்ணத்தை வைத்தார். தறி ஒரு அடி அடித்தால் ஒரு துளி. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் ஜவ்வரிசி.

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். முனிரத்தினம் கத்தினார்: "பாவா, இன்னா பாவா இது, தறி ஓட்டறதா மருந்து ஓட்டறதா?"

"ரெண்டும் ஓடட்டும்டா. கரண்டு ஒன்னுதான?"

அரை மணி நேரத்தில் ஒரு புட்டி நிறைந்தது. டீ வடிகட்டியில் அள்ளி, தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் என் வாயில் போட்டு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். பாயசம் குடித்த மாதிரி வழுவழுவென்று போய்விட்டது. நான் வெளியே ஓடிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் பழக்கதோஷத்தால் குனிந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக மருந்து உள்ளே தங்கியது. கம்பவுண்டர் என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "சேந்திடுச்சி" என்றார்.

ஊசி கட்டின மூங்கில் அன்று ராத்திரி கொஞ்சம் நகர்ந்து, மருந்து தறியில் ஏற்றியிருந்த பாவு நூலின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் வந்த ஜவுளி வியாபாரி வழக்கப்படி லுங்கியின் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பல்லால் கடித்துப் பார்த்தார். அப்படிக் கடித்துத்தான் அவர் நூலின் முறுக்கைச் சொல்வார். அன்றைக்குக் கடித்த வாயோடு கிணற்றடிக்கு ஓடினார்.

"பாவா, ஒரு பாவு லுங்கி மொத்தம் கசக்குது" என்று முனிரத்தினம் திருத்தணிக்கே வந்துவிட்டார்.

"நல்லதாப் போச்சி. கொசு கடிக்காத லுங்கின்னு சொல்லி வில்லு" என்றார் கம்பவுண்டர். முனிரத்தினம் அக்கா புருஷனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார். பத்து நாளில் அந்த லுங்கி முழுக்க விற்றுப்போய், கே.ஜி.கண்டிகையிலிருந்து டீக்கடைக்காரர் ஒருவர் இன்னும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வந்தார். அதை நாங்கள் முனிரத்தினத்திடம் பெரிதாகச் சொல்லிக் காட்டவில்லை.

உருண்டை வேலை செய்தது. காய்ச்சலின் உதறல் குறைந்து குறைந்து, கடைசி முறை வெறும் நடுக்கமாக வந்து போனது. ஆனால் வருவது நிற்கவில்லை. கல்யாணத்தன்று காலை ஒன்பதரைக்கு ஒரு வேளை மருந்து போட்டால்தான் பத்து மணியைத் தாண்ட முடியும் என்று கம்பவுண்டர் கணக்குப் போட்டார். மணவறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியும் ஒரு டம்ளர் தண்ணீரும் எப்படிக் கொடுப்பது? பெரியப்பா பக்கத்திலேயே நிற்பாரே.

"அத்த என்கிட்ட வுடுங்க" என்றார்.

கல்யாணம் திருத்தணியிலேயே மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தில். சரியாக ஒன்பதரைக்குக் கம்பவுண்டர் சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மணவறை மேல் ஏறி வந்தார். என் தலைப்பாகையைச் சரி செய்வது மாதிரி குனிந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் என் வாயில் எதையோ திணித்தார். சுண்டைக்காய் அளவு இருந்தது. நான் திகைத்துப் பார்த்தேன்.

"முழு டோசும் ஒரே உருண்டையில. கல்யாண ஸ்பெஷல்" என்று காதில் சொன்னார். "ஐயர் இப்ப உத்தரணியில கைல தண்ணி வுடுவாரு. மந்திரத்த சொல்லிட்டு அப்பிடியே முழுங்கிடுங்க. முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் தாங்கும்."

"இன்னாய்யா போட்ட மாப்பிள்ளை வாயில?" என்றார் பெரியப்பா.

"கற்கண்டுங்க. மலைப் பிரசாதம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் கையைக் குழித்து ஐயர் பக்கம் நீட்டினேன். ஐயர் உத்தரணியைத் தொடவில்லை. "நேரமாயிடுத்து, அதெல்லாம் முன்னாடியே ஆச்சு. தாலியைக் கொண்டு வாங்கோ" என்றார். தண்ணீர் இல்லாமல் என் தொண்டையில் சோறே இறங்காது. உருண்டையை நாக்கால் தள்ளி இடது கன்னத்தில் பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, மனதுக்குள் மலையேற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தட்டோடு சபைக்கு அனுப்பினார்கள். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். சத்திரத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். தட்டு முதல் வரிசை தாண்டுவதற்குள் நான் எழுபதாம் படியில் இருந்தேன். பெண்கள் பக்கம் போனதும் அது நகரவே இல்லை. ஒரு அத்தை தாலியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கடையில் செய்தது என்று பக்கத்தில் விசாரித்தார். பக்கத்து அம்மா தன் பெண்ணுக்குச் செய்த கடையைச் சொன்னார். நூற்று இருபது. கன்னத்தில் உருண்டை நெகிழ்கிற மாதிரி இருந்தது. அது உடைந்து நான் துப்பினால் மருந்தும் போச்சு, பத்து மணிக்கு உதறல் வந்தால் கமலாவும் போச்சு.

கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்று ஐம்பதில் அவர் முகம் வெளுத்தது. எழுந்தார். பெண்கள் வரிசைக்குள் புகுந்து அத்தையின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

"தொடுங்க, தொடுங்க, ஒரு விரல் போதும், பின்னாடி தள்ளிப் போங்க" என்று, கும்பல் ஏறின பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் மாதிரி வரிசை வரிசையாகப் பாய்ந்தார். தொடாதவர்களின் தலையில் அவரே தட்டைத் தொட்டு எடுத்தார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஆசீர்வாதம் செய்ய வேண்டியதாயிற்று. அத்தை போட்ட கூச்சலில் பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"டேய், யாருடா அவன், தாலிய எடுத்துகினு ஓடறான். புடிங்கடா அவன" என்று துரத்தினார்.

கம்பவுண்டர் ஓட, பெரியப்பா ஓட, பெரியப்பாவின் பின்னால் இன்னும் நாலு பேர் ஓட, நாயனக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் வேகமாக எதையோ வாசித்தார். சத்திரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கம்பவுண்டர் மணவறையில் வந்து விழுந்து தட்டை ஐயரிடம் நீட்டினார். "கட்டச் சொல்லுங்க சாமி, சீக்கிரம் கட்டச் சொல்லுங்க."

கெட்டிமேளம் முழங்கியது. இருநூற்று ஐந்து. தாலியைக் கையில் வாங்கினேன். இருநூற்று எட்டு. முதல் முடிச்சுப் போட்டேன். கமலா சம்பிரதாயப்படி தலை குனிந்துதான் இருந்தாள். ஆனால் இத்தனை கலாட்டா நடந்தால் யாருக்குத்தான் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது? அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. உருண்டை உடைந்தது.

முழு டோஸ் கொயினா. என் முகம் என்னென்ன கோணலாகப் போனது என்று எனக்குத் தெரியாது. துப்ப மட்டும் இல்லை. பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, அத்தனையையும் விழுங்கினேன். விழுங்கிவிட்டு மற்ற இரண்டு முடிச்சையும் போட்டேன். பத்து மணி வந்தது, போனது. எனக்கு ஒரு மயிர்க்காலும் சிலிர்க்கவில்லை. பெரியப்பா என் கையைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியானார். கம்பவுண்டர் தட்டு விவகாரத்துக்கு நல்ல நேரம் தவறிவிடும் என்று பயந்ததாக ஏதோ சொல்லித் தப்பித்து, சாப்பிடுகிற இடத்தில் என் காதில் கிசுகிசுத்தார். "காய்ச்சல் வந்துதா? வரல இல்ல? உருண்டை நல்ல உருண்டை. உங்க கடைவாய்ப் பல்லு கொஞ்சம் கூர்மை."

கல்யாணம் நடந்துவிட்டது. கமலாவும் மாடி அறைக்கு வந்துவிட்டாள். ஆனால் பேசவில்லை. கேட்டால் 'ஆங்' என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. காபி வைப்பாள், சூடாக இருக்கிறது என்று சொல்லமாட்டாள். மூன்று வாரம் கழித்து ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாலி கட்டசொல்ல என் மூஞ்சியப் பாத்து எப்பிடி சுளிச்சீங்க. புடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

நான் பதறிப்போய்க் காய்ச்சல், கொயினா, கடற்பாசி, பவர்லூம், சுண்ணாம்பு, கல்யாண ஸ்பெஷல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

"இதுக்கு இவ்ளோ பெரிய கத கட்ட வாணாம்" என்றாள். மறுநாள் பள்ளிப்பட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவதாகப் பெட்டியை எடுத்து வைத்தாள். நாலு நாள் என்றுதான் சொன்னாள். பெட்டியில் எல்லாப் புடவையும் இருந்தது.

நான் போய்க் கம்பவுண்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் வாய் வெறுமையாக இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூழ்க் கிண்ணம், மருந்துப் புட்டி, சுண்ணாம்புத் தண்ணீர், வடிகட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் இப்பிடி வா. அன்னிக்கி தப்பு அவரு பேர்ல இல்ல, உன் பேர்லயும் இல்ல. என் உருண்டை பேர்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் நாக்கின் மேலேயே பழி போட்ட மனிதர்.

"சின்னதாத்தான் செய்யணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நானு. அவருக்குக் கல்யாணமேன்னு ஆசப்பட்டுப் பெருசா செஞ்சிட்டேன். படி ஏத்திப் பாக்கவும் இல்ல, நேரமில்ல. தோல் தாங்கல. இப்ப பாரு."

அவள் கண்ணெதிரிலேயே ஒரு சின்னக் கரண்டி மருந்தைச் சுண்ணாம்புத் தண்ணீரோடு கலந்து கூழில் விட்டுத் திருப்பினார். சுண்டைக்காய் அளவு உருண்டை உருவானது. கமலா பெட்டியைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தார். எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படி. இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். விரலை மடக்கி அவளை எண்ணச் சொல்லிச் சைகை காட்டினார். முதலில் அவள் எண்ணவில்லை. நாலாவது தடவை அவர் மூச்சு வாங்க ஏறி வரும்போது எண்ண ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தமாகவே எண்ணினாள். கீழ் வீட்டுக்காரர்களும் வெளியே வந்து எண்ணினார்கள். இருநூற்றைத் தாண்டி, வியர்வை ஒழுக, அவர் மேல்படிக்கு வந்து கமலாவுக்கு நேர் எதிரில் நின்றார். அங்கே உடைந்தது.

கண் இரண்டும் உள்ளே போய், மூக்கு ஒரு பக்கமாக இழுத்து, கீழுதடு தாடையைத் தாண்டித் தொங்கி, அந்த முகத்தை விவரிக்க என்னால் முடியாது. அதே முகம்தான் என்று கமலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சிரித்தாள். என் மனைவியின் சிரிப்பை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். கம்பவுண்டர் அதே கோணல் முகத்தோடு தண்ணீருக்கு மூன்று விரலைக் காட்டினார். அவள் ஓடிப் போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்து, "மெதுவா குடிங்கண்ணே" என்றாள்.

இரண்டு வருடத்தில் எனக்கு மாற்றல் வந்து விழுப்புரம் பக்கம் போய்விட்டோம். அங்கே ஒருநாள் அவரிடமிருந்து ஒரு கவர் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு மட்டும். 'சார், இத்துடன் ஆயிரம் உருண்டை அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். தங்கச்சிக்கு என் அன்பு.' நான் கவரைத் தலைகீழாகத் தட்டப் போனேன். கமலா பிடுங்கி, உதறாமல் அப்படியே மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் அந்த நானோ செய்தியைக் கமலாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அதுல நம்ம கம்பவுண்டர் பேரு போட்டிருக்காங்களா?"

"போடவில்லை" என்றேன்.

"போடாம இருப்பாங்களா? நல்லா பாருங்க" என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தேடினேன்.